ஆளில்லாத ஊர் என்று எழுதச் சொன்னார்கள்

பெங்களூரிலிருந்து ஒரு சுற்றுலா கம்பெனி எங்களிடம் வெப்சைட் செய்யக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை பஸ்ஸில் ஏற்றிவந்து கோலார் தங்க வயலைச் சுற்றிக் காட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துப் போகும் ஒருநாள் பயணம் அவர்களுடையது. முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வரவேண்டிய வாசகத்தை அவர்களே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: தங்கம் போனது, மனிதர்கள் போனார்கள், காற்று மட்டும் இருக்கிறது.

அதே தங்க வயலில், ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் ஆபீஸ். அங்கே உட்கார்ந்துதான் நான் அதைப் படித்தேன். கீழே ஒரு ஆட்டோக்காரர், வழியில் நின்ற லாரியை எடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். லாரிக்காரர் தமிழில் பதில் சொன்னார். தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஏதோ கல்யாணம் போல, பேண்டு வாத்தியம் கேட்டது. இந்தச் சத்தத்துக்கெல்லாம் நடுவில், இந்த ஊரில் மனிதர்களே இல்லை என்ற வரியை எந்த எழுத்துருவில் போட்டால் அழகாக இருக்கும் என்று நான் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் ஏஜென்சியில் நாலு பேர். ஓனர் இந்த ஊர்க்காரர். பெங்களூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்து இதைத் தொடங்கியவர். எல்லாருக்கும் அவர் அண்ணா. நான் புரோகிராம் எழுதுகிறவள். படங்களையும் பக்க வடிவமைப்பையும் பார்த்துக்கொள்வது என்னைவிடச் சின்னவளான ஒரு பெண். நாலாவது ஆள் வெளியே போய் வேலை பிடித்து வருகிறவர். பல் டாக்டர், கல்யாண மண்டபம், நர்சரி பள்ளி என்று எங்களுக்கு வருவதெல்லாம் சின்ன சைட்டுகள். அதனால் இந்த வேலை கிடைத்ததும் அண்ணா எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கித் தந்தார்.

நானும் பல வருஷம் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் வந்தவள்தான். சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊர் அந்த ரயிலில்தான் உயிர் வாழ்கிறது. ரயில் புறப்படும் மாரிக்குப்பத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். அதற்கடுத்த ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்கள் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். செக்யூரிட்டி வேலைக்கு, துணிக்கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஐடி கம்பெனிக்கு என்று ஊரே அதில் போகும். பெங்களூரைத் துடைப்பதும் காவல் காப்பதும் கணினியில் கட்டுவதும் இவர்கள்தான். பொழுது சாய்ந்து திரும்பி வந்து படுத்தால் மறுபடி விடியும். இப்படி ஒரு ஊரைப் பார்த்து ஆளில்லாத ஊர் என்று எழுத அந்தப் பெங்களூரிலிருந்தே ஒருவன் கிளம்பி வருகிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்.

ஆனாலும் முதல் நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. விளம்பரம் என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன். சயனைடு மேட்டை 'நிலவின் மலைகள்' என்று எழுதியிருந்தார்கள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் அது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் பறந்து வந்து சோற்றில் விழும். என் அப்பா சுரங்கத்தின் தூசியைச் சுவாசித்து, வெளியே வந்த பிறகு இந்த மேட்டின் தூசியையும் சுவாசித்து, இருமி இருமியே போனார். அந்த வரியையும் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் ஏற்றினேன்.

மறுநாள் படங்கள் வந்தன. கூடவே ஒரு குறிப்பு: எந்தப் படத்திலும் ஆட்கள் தெரியக்கூடாது, தெரிந்தால் அழித்துவிடவும்.

படத்தில் ஆளை அழிப்பது இப்போது பெரிய வேலை இல்லை. ஆளைச் சுற்றி ஒரு கோடு போட்டால் போதும். பின்னால் என்ன சுவர் இருந்திருக்கும் என்று மென்பொருளே ஊகித்து நிரப்பிவிடும். அந்தப் பெண் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஒரு சைக்கிள்காரரை எடுத்தாள். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தாள். பிறகு அவள் பக்கமிருந்து மவுஸ் சத்தம் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் திரும்பிப் பார்த்தேன்.

"அக்கா, இங்க வாங்களேன்," என்றாள்.

போனேன். சுரங்கக் கம்பெனி காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளை நாங்கள் லைன் என்போம். அப்படி ஒரு லைனின் படம் திரையில் இருந்தது. தகரக் கூரை, தாழ்வான கதவுகள், ஒரு வீட்டு முகப்பில் பஞ்சசீலக் கொடி. வாசலில் ஒரு அம்மா குனிந்து டிரம்மிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க அம்மா," என்றாள்.

அவர்கள் பௌத்தக் குடும்பம். அவள் தாத்தா காலத்திலிருந்து அதே லைனில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அவள் சொன்ன பிறகுதான் அந்த அம்மாவின் பச்சைப் புடவைகூட எனக்கு அடையாளம் தெரிந்தது. அந்த உருவத்தைச் சுற்றிப் பாதிக் கோடு போடப்பட்டிருந்தது. யாரென்று பார்க்காமலே கை பழக்கத்தில் ஆரம்பித்திருக்கிறாள்.

"நீ மூடு அத," என்றேன்.

அண்ணா உள்ளறையிலிருந்து வந்தார். படத்தைப் பார்த்தார். அவருக்கும் அந்த அம்மாவைத் தெரியும். ஆனால் அவர் சொன்னது வேறு.

"பாரும்மா, அவங்க என்னா குடுக்கறாங்களோ அத போடறதுதான் நம்ம வேல. பல் டாக்டர் சைட்டுல சிரிக்கறவன் அந்த டாக்டர் கிட்ட பல்லு கட்டிக்கினவனா? எங்கயோ வெளிநாட்டுக்காரன். அத போடறோம் இல்ல?"

"அது வேற அண்ணா. அங்க இல்லாத ஆள போடறோம். இங்க இருக்கற ஆள தூக்கச் சொல்றாங்க."

"இந்த படம் வேணாம்னா விட்டுட்டு வேற எடுத்துக்கோ."

"வேற படத்துல இருக்கறது வேற யாரோட அம்மாவோ," என்றேன்.

அவர் இன்னொரு முறை படத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, நீயே அவங்க கிட்ட பேசு. நான் பேசினா சண்ட ஆயிடும்," என்றார்.

மத்தியானம் வீடியோ காலில் அந்த சுற்றுலா கம்பெனிக்காரர் வந்தார். சென்னைப் பக்கத்துக்காரர், பெங்களூரில் தொழில். மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"சார், இந்த ஊர்ல ஆளுங்க இருக்காங்க. நீங்க போட்டோ எடுத்த வீட்ல எல்லாம் குடும்பம் இருக்கு," என்றேன்.

"தெரியும் மேடம். நான்தான் நேர்ல வந்தேனே."

"அப்புறம் யாருமே இல்லன்னு எழுதியிருக்கீங்களே."

"மேடம், கஸ்டமர் கோஸ்ட் டவுன் பாக்க வர்றாங்க. அது ஒரு ஃபீல். வெப்சைட்லயே ஒரு அம்மா தண்ணி புடிச்சிட்டு இருந்தா அந்த ஃபீல் வராது. நாங்க யாரையும் தப்பா சொல்லலையே."

"இல்லவே இல்லன்னு சொல்றீங்களே சார்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைச் சமாதானம் செய்கிறவர் சிரிப்பு. "நீங்க ரொம்ப பர்சனலா எடுத்துக்கறீங்க," என்றார். நல்லதுதான் இது, டூரிஸ்ட் வந்தால் உங்கள் ஊருக்கு வருமானம், டீக்கடைக்கு வியாபாரம் என்றும் சொன்னார். ஆளே இல்லாத ஊரில் டீக்கடை யார் வைப்பார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதுதான் தோன்றியது. வீட்டுச் சுவரிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் அந்தப் பெண் ஆபீசுக்கு வந்ததும் நேராக அண்ணாவின் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குப் படம் எடுக்க வந்த ஆட்களை நன்றாக ஞாபகம் இருந்திருக்கிறது.

"அன்னிக்கு வெயில்ல வந்து தண்ணி கேட்டாங்களாம் அண்ணா. கொழாயில பேத்தமங்களா ஏரி தண்ணி வந்து எத்தினி நாளோ ஆச்சு, டேங்கர்லதான் புடிச்சிக்கினு கீறோம். அதுல இருந்துதான் அம்மா சொம்புல எடுத்து குடுத்துச்சாம். அந்த சார் ஸ்டூல் போட்டு உக்காந்து குடிச்சாராம். அம்மா பேரு, பசங்க என்னா படிக்கறாங்கன்னு எல்லாம் கேட்டாராம். நான் கம்ப்யூட்டர் வேல செய்றேன்னு அம்மா பெருமையா சொல்லிச்சாம்."

அவள் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "எங்க வீட்டு தண்ணிய குடிச்சிட்டு போய் எங்க அம்மாவ அழின்னு என் கிட்டயே அனுப்பறாங்க அண்ணா," என்றாள்.

அண்ணாவுடைய அம்மாவும் சாகும்வரை லைனில்தான் இருந்தார். அண்ணா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து எங்கள் முன்னாலேயே எழுதினார். படங்களில் இருக்கும் ஆட்களை நாங்கள் அழிக்க மாட்டோம், யாரும் வாழவில்லை என்ற வாசகத்தையும் மாற்ற வேண்டும், சம்மதம் என்றால் வேலையைத் தொடர்கிறோம் என்று எழுதி அனுப்பினார்.

அவர்களுக்குச் சம்மதமில்லை. ஒரே வரியில் நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பெங்களூரில் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அண்ணா அதற்குப் பிறகு சில நாட்கள் எங்களிடம் சரியாகப் பேசவில்லை. சரியானதைச் செய்த மனிதருக்கு உடனே சந்தோஷம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு பல் டாக்டருக்கு போன் செய்து, சைட்டைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சைட் வெளியானபோது நான் முதலில் தேடியது அந்தப் படத்தைத்தான். இருந்தது. அம்மா இல்லை. அவசரத்தில் அழித்திருந்தார்கள். குடம் இருந்த இடத்தில் சுவர் நீர் பட்டதுபோல நெளிந்திருந்தது. தரையில் அவருடைய நிழல் மட்டும் அப்படியே விழுந்து கிடந்தது. வேலை தெரிந்தவர்கள் நிழலைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். அப்போதும் அவளுக்குத் தொழில் குறைதான் கண்ணில் பட்டது என்று நினைத்தேன். இல்லை. அன்றைக்கே உட்கார்ந்து, என் வீட்டையும் என் அம்மாவையும் கேட்காமல் எடுத்த படத்தை இறக்குங்கள் என்று அவர்களுக்கு எழுதினாள். பதில் வரவில்லை. திரும்பத் திரும்ப எழுதினாள். கடைசியில் படம் மாறியது. அதே லைனின் மறுகோடியில் எடுத்த இன்னொரு படம், அதுவும் காலியாக.

பஸ் வர ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எங்கள் ஆபீஸ் பெண்ணின் வீட்டில் இருந்தேன். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு கூட்டம் லைனுக்குள் நடந்து வந்தது. கைடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தார். திறந்த கதவுகளுக்குள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். கட்டிலில் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவரையும் எடுத்தார்கள். அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில்.

கூட்டத்தில் ஒரு இளம்பெண் தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்தாள். "ஆன்ட்டி, இங்க டாய்லெட் இருக்கா?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆளே இல்லாத ஊர்ல டாய்லெட் எங்கம்மா இருக்கும்," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. பாவம், அவள் என்ன செய்தாள். அம்மாவும் உடனே இறங்கிவந்து, "வா, பின்னால கீது. நாங்களே கட்டினது. கம்பெனி எங்களுக்கு அதெல்லாம் கட்டித் தரல," என்று பக்கெட்டில் தண்ணீர் மொண்டு கொடுத்து அனுப்பினார். அந்தப் பெண் திரும்பி வந்து நன்றி சொன்னாள். இங்கே ஆட்கள் இருப்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள்.

அதற்குள் லைன் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். யாரும் சொல்லிவைத்து வரவில்லை. கைடு அம்மாவிடம் வந்தார். சின்ன வயசுப் பையன், முகத்தில் சங்கடம் தெரிந்தது.

"அம்மா, ஒரு ரெண்டு நிமிஷம் எல்லாரும் உள்ள போறீங்களா? குரூப் போட்டோ ஒண்ணு எடுத்துட்டு போயிடறோம்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னாத்துக்குப்பா உள்ள போணும்?" என்று நிதானமாகக் கேட்டார். "நாங்க எங்க வாசல்ல நிக்கறோம். உனக்கு ஆளு இல்லாத எடம் வோணும்னா நீ தேடிக்கினு போ."

கைடு கூட்டத்தை ரோட்டுப் பக்கம் அழைத்துப் போனார். அந்தப் பெரியவர் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, போய்விட்டார்களா என்று கேட்டார். போய்விட்டார்கள் என்றோம். கதவைத் திறந்தே வைத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் ஆபீஸ் பெண்ணால் சரியாகச் சாப்பிட முடியவில்லை, என்னாலும்தான். அம்மா மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்.

இப்போது அந்த லைனில் பஸ் நிற்பதில்லை. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு லைனுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் வீடு நிறைய ஆட்கள்தான் இருக்கிறார்கள்.