சட்டைப் பைக்குச் செய்த காது மிஷின்

இரண்டாவது பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் எனக்குக் காது மந்தமானது. எண்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் மதுரைக்குக் கூட்டிப்போய்க் காது மிஷின் வாங்கித் தந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, முதுகில் கிளிப், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் காதுக்குள் வைக்கிற பொத்தான். சட்டைப் பாக்கெட்டில் மாட்டிக்கொள்ளச் சொல்லி விற்றவர் அவரிடம் சொன்னார். அதை அவர் என்னிடம் கத்திச் சொன்னார். நான் சேலை கட்டியிருந்தேன். அது எங்கள் யாருக்குமே உறைக்கவில்லை.

பந்தல்குடியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. காது மந்தமானால் வீட்டில் முதலில் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள், அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று. கல்லாவில் உட்கார்ந்தால் மட்டும்தான் வருகிற ஆட்கள் என்னோடு பேசியாக வேண்டும். அந்த இடத்தை விட எனக்கு மனமே இல்லை. அதனால் சில்லறைப் பர்ஸ் வைக்கிற இடத்திலேயே, ஜாக்கெட்டுக்குள், மிஷினையும் செருகிக்கொண்டேன். பொம்பளைக்கு வேறு பாக்கெட் ஏது?

காதில் கேட்டது என் சேலை உரசுவதுதான். நடந்தால் யாரோ பக்கத்தில் உளுந்து புடைக்கிற சத்தம். ஆட்கள் பேசுவதெல்லாம் அதற்கு அப்பால் எங்கேயோ. கழற்றி வைத்தால், “வாங்கித் தந்தத மாட்டாம என்ன வீம்பு ஒனக்கு?” என்று அவர் கோபித்தார். மாட்டினால் தலை வலித்தது. காது கெட்டதா, மிஷின் கெட்டதா, எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா என்று ஒன்றும் விளங்கவில்லை. பாதி நாள் அது பீரோவில் கிடந்தது.

ஒருநாள் கடையில் வேர்வை தாங்காமல் பெட்டியை வெளியே எடுத்து, பொத்தானைக் காதிலிருந்து கழற்றாமலே, மேசை மேல் வைத்தேன்.

“அக்கா, கால் கிலோ சீனி போடுங்க.”

எதிரே நின்ற பக்கத்து ஊர்ப் பரளச்சிக்காரப் பெண் சொன்னது தெளிவாகக் கேட்டது. பயந்தே போனேன். முந்தானையால் பெட்டியை மூடினேன், சத்தம் போய்விட்டது. எடுத்தேன், வந்துவிட்டது. கேட்பது பொத்தான் இல்லை, பெட்டிதான். இத்தனை காலம் என் காதை ஜாக்கெட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சீனியை அரைக் கிலோவாக நிறுத்துப் போட்டேன்.

அன்றைக்கே ஒரு பை தைத்து, பெட்டியைச் சேலைக்கு மேலே கழுத்தில் தொங்கவிட்டேன். அவருக்கு முகம் சுண்டிப் போனது. “நாலு பேரு வந்துபோற எடம். மாட்டுக்கு மணி கட்டுன மாதிரியில்ல இருக்கு” என்றார். மாடாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நான் கழற்றவில்லை.

தொண்ணூறுகளில் அவரே புது மிஷின் ஒன்று வாங்கி வந்தார். முந்திரிப்பருப்பு போல வளைந்து காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முடியை இழுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நன்றாகவும் கேட்டது, பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் என் குழப்பம் கூடியது. முன்பு பெட்டியைப் பார்த்த சனங்கள் தாமாகவே எதிரே வந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுவார்கள். இப்போது முதுகுக்குப் பின்னாலிருந்தும், லாரிச் சத்தத்துக்கு நடுவிலும் பேசினார்கள். பதில் வராவிட்டால், “அவுகளுக்கு இப்பப் பவுசு கூடிப்போச்சு” என்றார்கள். உசத்தி மிஷினை மாட்டிக்கொண்டு ஏன் இத்தனை பேச்சைத் தவறவிடுகிறேன் என்று எனக்குப் புரியவில்லை. மனசு ரொம்பச் சங்கடப்பட்டது.

ஒரு காலையில் புதியதை எடுத்து வைத்துவிட்டுப் பழைய பெட்டியைத் தொங்கவிட்டேன். அவர் உள்ளேயிருந்து என் எதிரே வந்து நின்றார்.

“அம்புட்டு அழகா வாங்கிக் குடுத்துருக்கேன். மறுபடியும் ஏன் இந்த டப்பா?”

“அது வந்ததுலருந்து நீங்க உள்ள இருந்துக்கிட்டே பேசுறீக. இதப் போட்டாத்தான் எம் மொகத்தப் பாத்துப் பேசுறீக” என்றேன்.

அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.