காலி பஸ்

அப்போது நான் கண்டக்டராக இருந்தேன். தொகுதியின் வடகோடியில் இருக்கும் மலையடிவார ஊர்களுக்குப் பஸ் வேண்டும் என்று எங்கள் எம்.எல்.ஏ. சட்டசபையில் பல வருஷம் பேசி வாங்கியிருந்தார். அந்தப் பஸ் காலியாகவே ஓடியது. இப்படியே போனால் நிறுத்திவிடுவோம் என்றது டிப்போ.

காரணம் தெரிந்துகொள்ள, ஒரு சந்தை நாளில் அவரே ஏறி உட்கார்ந்தார். வழியில் பெண்கள் தலையில் புளி மூட்டையோடு நாமகிரிப்பேட்டைச் சந்தைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“ஏனுங்கம்மா, பஸ்ஸுல வரலாமில்லீங்க?”

“மூட்டையோட ஏறக்கூடாதுங்கறாருங்க, சாமி,” என்று ஒருத்தி என்னைக் காட்டினாள்.

“சீட்டெல்லாம் அழுக்காயிருமுங்கய்யா,” என்றேன்.

காலி சீட்டுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இறங்கி, அவள் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அவரை முந்திப் போக டிரைவருக்குத் துணிவில்லை. பஸ் பின்னாலேயே ஊர்ந்தது. படியில் நின்று கொஞ்ச தூரம் பார்த்தேன். பிறகு இறங்கி ஓடி, “குடுங்கய்யா” என்று கை நீட்டினேன்.

“மொதல்ல அவங்களுத வாங்கி ஏத்துங்க, தம்பி.”

அவர் வாங்கித் தந்த பஸ்ஸை இத்தனை நாளும் நான்தான் அவர்களிடம் சேரவிடாமல் வைத்திருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று கடைசி மூட்டையும் ஏறிய பிறகுதான் விசில் ஊதினேன்.