முதல் பாடத்தில் என் தங்கை

என் தங்கைக்கு வாய் நீளம். நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். அந்த வாயை நம்பித்தான் பல் டாக்டர் அவளை வரவேற்பு மேஜையில் உட்கார வைத்தார். வலியில் துடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பேசிப் பேசியே ஆற்றிவிடுவாள். அங்கே பல் பிடுங்க வந்த ஒருவர், செல்போனில் ஆங்கிலம் கற்றுத்தரும் பாடங்கள் தயாரிக்கிறவர். கன்னம் வீங்கிக் கிடந்த நிலையிலும், இவள் யாரிடமோ போனில் ஆங்கிலம் பேசுவதைக் கேட்டு அசந்துபோனார். எங்கள் பாடங்களுக்குக் குரல் கொடுங்கள் என்று கையோடு கூப்பிட்டுப் போனார்.

முதல் பாடம் வீட்டுக்குள் புழங்கும் பேச்சு. வேக் அப். கெட் அப். புட் ஆன் யுவர் ஷூஸ். டர்ன் ஆஃப் தி டேப். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, படிக்கிறவர் திருப்பிச் சொல்வதற்கு இடம் விட வேண்டும். அந்த இடைவெளியைப் பிறகு மெஷினில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். இவள் கேட்கவில்லை. எதிரே ஓர் ஆள் இருப்பதாக நினைத்துக் காத்திருந்துதான் அடுத்ததைச் சொல்வேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். அதனால் அந்த இடைவெளிகளில் அவளுடைய மூச்சு மெல்லக் கேட்கும். நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று நம்பி ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பது தெரியும்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை வைத்து, அதன் வழியாக மூச்சு. அந்த வாய்க்காரி ஒரு சத்தமும் இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவாள், சொல்ல வேண்டியதைப் போனில் தட்டெழுதிக் காட்டுவாள். அவளைப் பார்த்துவிட்டு வந்து நான் அழாத நாள் இல்லை.

மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக். ஆங்கிலத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அந்த மனுஷன் திடீரென்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவள் குரல் கொடுத்த பாடம் கேட்க ஆரம்பித்தார். இந்த வயதில் எந்தத் துரையோடு பேசப் போகிறாராம் என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். தங்கைக்கு முதலில் சந்தோஷம்தான். போகப் போகத்தான் அவளுக்கு உறைத்தது. அவர் இரண்டாம் பாடத்துக்குப் போகவே இல்லை. அது மட்டுமா, ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. வேக் அப் என்று குரல் சொல்லும். "எந்திரிச்சிட்டேன்மா" என்பார். ஷூ போடச் சொன்னால், போட்டுக்கிறேன் போட்டுக்கிறேன் என்று சலித்துக்கொள்வார். பழையபடி குடும்பம் நடந்துகொண்டிருந்தது, இவள் இல்லாமல்.

இவள் எதிரே போய் நின்றால் சிரிப்பார், தலையாட்டுவார், மாத்திரை எடுத்துக்கொடுப்பார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம் காட்டும் மரியாதை அது. தங்கை போனில் எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன். அவர் செத்தவகிட்ட பேசுற மாதிரி பேசுறாரு. எனக்கு என் புருஷன் வேணும்க்கா.' என்ன சொல்லித் தேற்றுவது? சொந்தக் குரலையே சக்களத்தியாக வைத்துக்கொண்டு வாழ்கிறவளை நான் எங்கே கண்டேன்!

ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. ஹாலில் மாப்பிள்ளை இயர்போனோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உள்ளே குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். கூடவே டொக் டொக்கென்று எதுவோ கதவில் மோதியது. மாப்பிள்ளை கண்ணைத் திறக்காமல், "அடைச்சாச்சும்மா, அடைச்சாச்சு" என்றார். டர்ன் ஆஃப் தி டேப் என்கிற இடத்துக்குத்தான் அந்தப் பதில் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாடம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஓடிப்போய்க் கதவை இடித்துத் திறந்தேன். வழுக்கி விழுந்து கிடந்தாள். ஒரு கை மணிக்கட்டோடு மடங்கியிருந்தது. தண்ணீர் உள்ளே போய்விடாமல் அந்தக் கையாலேயே கழுத்துத் துளையை மறைத்துக்கொண்டு, மறு கையில் இருந்த மக்கால் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். தொண்டையில் துளை உள்ளவர்களுக்குத் தண்ணீர்தான் எமன். குழாயை மூடி அவளை உட்கார வைத்துவிட்டு வந்து, மாப்பிள்ளை காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினேன்.

"உங்க பொண்டாட்டி அங்க சாகக் கிடக்கிறா, நீங்க யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

அவர் குளியலறைப் பக்கம் பார்க்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"இப்பத்தானே பேசினா, நல்லாத்தானே இருந்தா" என்றார்.

அது அவள் காதிலும் விழுந்தது. வாயைப் பிடுங்கியவர்கள் காதையும் பிடுங்கியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மனுஷன் உடைந்துபோனார். அவள் காலைப் பிடித்து அழுதார், பாடத்தைப் போனிலிருந்து அழித்தார். அவளுக்குக் கட்டுப் போட்ட கை. ஊட்டிவிட்டார், தலை வாரிவிட்டார். ஆனால் அவருடைய பேச்சு நின்றுபோனது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். சாப்பாடு இறங்கவில்லை, கண் குழிந்துவிட்டது. கூடவே இருந்தார், அவ்வளவுதான்.

போன வாரம் போனபோது வாசலிலேயே அந்தக் குரல் கேட்டது. இயர்போன் இல்லை, சத்தமாகவே ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று உள்ளே நுழைந்தேன். தங்கை அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். பாடம் அவளுடைய போனில், அவளுடைய மடியில் ஓடிக்கொண்டிருந்தது. குரல் கெட் அப் என்றது. அவள் உதடும் கெட் அப் என்றது. இம்மியும் பிசகவில்லை. இடைவெளி வந்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தபடி, எந்திரிக்கிறேன் என்றார். முகத்தில் பழைய சிரிப்பு.

என்னை அறியாமல், "என்னடி இது?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு நின்றது, குரல் நிற்கவில்லை. மாப்பிள்ளை அதற்கும் பதில் சொன்னார், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், அவள் மடியில் இருந்த போனைப் பார்த்து. அவள் அதைக் கவனித்தாள். அவசரமாகத் திரும்பி, அடுத்த வாக்கியத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.