சித்திக்குப் பொத்தான் இல்லை

எங்கள் வீட்டில் யார் யார் எந்த நேரத்தில் ரீவி பார்க்கிறோம் என்று கணக்கெடுக்க ஒரு பெட்டி வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவின் ஸ்காபரோவில், எந்நேரமும் ஒரு லிப்ட் பழுதாகிக் கிடக்கும் தொடர்மாடி ஒன்றில் இருந்தோம். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கியெடுத்த சில வீடுகளை வைத்துத்தான் கணக்கிடுவார்களாம். அதில் எங்கள் வீடும் ஒன்றாகப் போனது யாருடைய கெட்ட காலமோ தெரியாது. அது ஒரு தனியார் கம்பனியின் வேலை. வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் வந்தவரின் கழுத்தில் படம் போட்ட அட்டை தொங்குவதைக் கண்டதும் அப்பா அவரை அரசாங்கம் என்று முடிவுகட்டிவிட்டார். எங்களுக்கு இன்னும் குடியுரிமை வரவில்லை. அரசாங்கம் கேட்டு மறுக்கிற ஆளில்லை அப்பா.

வீட்டில் எத்தனை பேர் என்று அந்த மனிதர் கேட்டார். அப்பா மூன்று பேர் என்றார். உண்மையில் நாங்கள் நான்கு பேர். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தார். ஆனால் வாடகைக்கு எடுக்கும்போது மூன்று பேர் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அதைவிடப் பெரிய காரணம், எங்களை எப்போதும் குறைத்துச் சொல்வது அப்பாவுக்குப் பழகிப்போயிருந்தது. கனடாவுக்கு வருவதற்கு முன் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்த காலத்தில், பொலிஸ் வந்து அறை அறையாக ஆட்களை எண்ணும். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு சித்திக்குக் கிடையாது. வேறு யாரும் இல்லை என்று சொல்ல என்னையும் பழக்கியிருந்தார்கள். ஐந்து வயதில் நான் அந்தப் பொய்யைக் கண் வெட்டாமல் சொல்வேனாம். கனடாவுக்கு வந்த பிறகும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் சித்தி அறைக்குள் போய்விடுவார். பெட்டி பூட்ட ஆள் வந்தபோதும் அப்படித்தான் போனார்.

பெட்டியின் முகத்தில் வரிசையாகப் பொத்தான்கள் இருந்தன. முதலாவது அப்பாவுக்கு, இரண்டாவது அம்மாவுக்கு, மூன்றாவது எனக்கு. ரீவிக்கு முன்னால் உட்காரும்போது அவரவர் பொத்தானை அமத்த வேண்டும், எழும்பிப் போகும்போது மறுபடியும் அமத்த வேண்டும். விருந்தாளிகள் வந்தால் அதற்கென்று வேறொரு பொத்தான். அது ஆணா பெண்ணா என்று கேட்கும், வயதும் கேட்கும். நாலாவது பொத்தான் பெயரில்லாமல் கிடந்தது. பாண் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் சித்தி, மாவு வாசத்தோடு கதவோரம் நிலத்தில் உட்கார்ந்து ரீவி பார்ப்பார். பெட்டியைப் பொறுத்தவரை அந்த இடத்தில் யாருமில்லை.

அதன்பிறகு அப்பா எங்களை நல்ல குடும்பமாக்கப் புறப்பட்டார். அரசாங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது அல்லவா? மாலையில் ஆங்கிலச் செய்தி, அது முடிந்தால் பாராளுமன்ற விவாதம், ஹொக்கி நடக்கும் நாட்களில் ஹொக்கி. மூன்று பொத்தான்களையும் அப்பா தானே அமத்திவிட்டு எங்களை வரிசையாக உட்கார வைப்பார். பந்துக்குப் பதிலாக ஐஸில் சறுக்கி ஓடும் அந்தக் கறுப்பு வட்டு எங்கே போகிறது என்று அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆட்கள் விழும்போதெல்லாம் ஐயோ என்றார். எனக்கோ கார்ட்டூன் பார்க்கக் கை துடித்தது. அதற்கு மட்டும் அனுமதி கிடைக்கவேயில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மட்டும் அப்பாவின் ஆட்சி செல்லாது. பல பாஷைகளும் ஓடுகிற ஒரு சானலில் அன்று அரை மணி நேரம் தமிழ் வரும். அந்தச் சானலுக்கு கேபிள் வேண்டும். எங்கள் தொடர்மாடித் தமிழர்களில் கேபிள் இருந்தது எங்களிடம் மட்டும்தான். ஆகவே நாலரை மணியிலிருந்தே எங்கள் கதவுக்கு வெளியே சப்பாத்துகள் குவியத் தொடங்கும். தள்ளியிருக்கும் அஜக்ஸில் வீடு வாங்கி, கேபிளும் எடுத்துக்கொண்டு போன ஒரு குடும்பம்கூட, அங்கே தனியாக இருந்து பார்த்தால் பார்த்தது போலவே இல்லை என்று 401 நெடுஞ்சாலையில் ஏறி வந்து சேரும். அந்த வருடம் அந்த நிகழ்ச்சியில் கனடா முழுவதற்குமான பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. வெல்கிறவரை லண்டனுக்கு அனுப்புவார்கள். அங்கே நாடு நாடாக வரும் தமிழர்களோடு அவர் கனடாவுக்காகப் பாட வேண்டும். சித்தி இரண்டு சுற்றுத் தாண்டிவிட்டார். யாரிடமும் கேட்காமல் வேலைத்தலத்திலிருந்தே போய்ப் பெயர் கொடுத்திருந்தார். தெரிந்ததும் அப்பா தடுக்கவில்லை, அம்மா ஒரு புதுச் சேலை வாங்கினார்.

தமிழ் நிகழ்ச்சி தொடங்கியதும் அப்பா எங்கள் மூன்று பொத்தான்களையும் நிறுத்திவிடுவார். வீடு நிறையக் கூட்டம் என்று தெரிந்தால் என்ன வருமோ என்ற பயம் ஒன்று. தமிழ் மட்டுமே பார்க்கிற சனம் என்று நினைத்துவிட்டால் என்ற பயம் இன்னொன்று. ரீவி ஓடுகிறது, பார்க்க ஆளில்லை என்று பெட்டி சிவப்பு விளக்கை வெட்டி வெட்டிக் கூப்பிடும். அப்பா அதன்மேல் தன் கைக்குட்டையைப் போட்டு மூடிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை, எப்போதும் சிரித்த முகத்தோடு நகைக்கடை விளம்பரம் வாசிக்கும் அந்த நிகழ்ச்சிக்காரர் சிரிக்காமல் வந்து நின்றார். தமிழ் நிகழ்ச்சியை ஒருவருமே பார்ப்பதில்லை என்று கணக்கு காட்டுகிறதாம். இப்படியே போனால் பாட்டுப் போட்டி முடிவதற்குள் அந்த நேரத்தைப் பறித்துவிடுவார்களாம். எங்கள் வீட்டுக் கூட்டம் கொதித்தது. உட்கார இடமில்லாமல் ஒருவர் மடியில் ஒருவராக இருந்த சனம், ஒருவருமே பார்க்கவில்லையாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. அம்மா மட்டும் கைக்குட்டையைப் பார்த்தார். கதவோரம் இருந்த சித்தி தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா எழும்பிப் போய்க் கைக்குட்டையை இழுத்தெடுத்தார்.

"இஞ்சாருங்கோ, வீடு முட்டச் சனம் இருக்கு. ஹொக்கி பாக்கேக்கை நாங்கள் ஆக்கள், தமிழ் பாக்கேக்கை ஆக்களில்லையோ?"

அப்பா மெதுவாகப் பேசும்படி கையால் காட்டினார். அம்மா மெதுவாகப் பேசவில்லை. "பிள்ளை, உதிலை எல்லாரையும் போடு," என்று என்னிடம் சொன்னார்.

எனக்குப் பத்து வயது. அதுவரை எந்தப் பெரிய மனிதரும் எனக்கு அப்படி ஒரு அதிகாரம் தந்ததில்லை. பெட்டியோடு வந்த றிமோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் வயது கேட்டேன். அங்கேதான் வந்தது வில்லங்கம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகனை வைத்திருந்த மேல்மாடி அன்ரி, கொஞ்சமும் கூசாமல் முப்பத்தைந்து என்றார். அவர் முப்பத்தைந்து என்றால் தாங்கள் எப்படி அதற்கு மேலே போவது என்று மற்றப் பெண்களெல்லாம் அதற்குக் கீழே இறங்கினார்கள். ஒரு அங்கிள் இது பென்ஷனுக்கான கணக்கோ என்று விசாரித்து, நான் விளங்கப்படுத்துவதற்குள், அப்படியென்றால் அறுபத்தைந்து போடு என்றார். அவருடைய மனைவியை முப்பத்திரண்டு என்று ஏற்கெனவே பதிந்தாகிவிட்டது. சித்தியிடம் நான் கேட்கவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை கம்பனியிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பா றிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, தீப்பிடித்த பொருளைப் போல என்னிடம் தந்தார். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். இத்தனை நாளும் சனிக்கிழமைகளில் ஆளே இல்லாமல் ரீவி ஓடிய வீட்டில், திடீரென்று இவ்வளவு இளம்பெண்கள் எப்படி வந்தார்கள், யாராவது பொத்தான்களோடு விளையாடுகிறார்களா என்று கேட்டாள். பிள்ளை விளையாடிவிட்டது என்று சொல்லச் சொல்லி அப்பா சைகை காட்டினார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நான் விளையாடவில்லை, அத்தனை பேரும் வந்தார்கள், வேண்டுமென்றால் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வருகிற சனிக்கிழமையே வருவதாக அவர்கள் பிறகு அறிவித்தார்கள்.

அப்பா அந்தச் சனிக்கிழமை ஒருவரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட ஆசைப்பட்டார். அம்மாவோ மாடி மாடியாக ஏறி இறங்கி, இதுவரை வராதவர்களையும் வரச் சொன்னார். அன்றைய அரை மணிக்குள்தான் சித்தி பாடிய அரையிறுதிச் சுற்று வர இருந்தது. ஒளிப்பதிவு முன்பே முடிந்திருந்தாலும் முடிவு அன்றுதான் தெரியும். உழுந்து வடைக்கு ஊறப்போட்ட அளவைப் பார்த்து, ஆருக்குக் கலியாணம் என்று அப்பா கேட்டார். அம்மா இன்னும் ஒரு பிடி உழுந்தை அள்ளிப் போட்டார்.

வந்தவர், முன்பு பெட்டி பூட்டிய அதே மனிதர். வாசலில் குவிந்திருந்த பனிச் சப்பாத்துகளைத் தாண்ட வழி தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். கதவு தட்டிய சத்தத்தில் சித்தி வழக்கம்போல அறைக்குப் போக எழும்பினார்.

"நீர் எழும்பாதையும். இரும்," என்றார் அப்பா.

சித்தி பாதி எழும்பியபடி அப்பாவைப் பார்த்தார். "அத்தான்..." என்றார்.

"இரும் எண்டுறன்."

சித்தி இருந்தார். மனிதர் உள்ளே வந்து தலைகளை எண்ணத் தொடங்கினார். குழந்தைகள் இடம் மாறி ஓடியதால் இரண்டு தரம் பிழைத்தது. அம்மா அவர் கையில் வடைத் தட்டைத் திணித்ததும் எண்ணுவதை விட்டுவிட்டார். மேல்மாடி அன்ரியிடம் வயதை மறுபடியும் கேட்கலாமா என்று யோசித்திருப்பார் போல, முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டார். அவர் பேனாவில் எண்ணெய் பட்டிருந்தது. எல்லாம் சரி, பிள்ளை சொன்னது உண்மைதான் என்று சிரித்தபடி அவர் சொன்னபோது, எனக்குத் தலை கூரையில் முட்டியது.

அந்த நேரம் பார்த்து ரீவியில் சித்தி வந்தார். அம்மா வாங்கிய சேலையில், ஒரு கையை மற்றக் கையால் பிடித்தபடி பாடினார். வீடு அப்படியே அடங்கிப்போனது. சித்தி இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகிவிட்டார் என்றதும் ஒரே சத்தம். மனிதர் ரீவியையும் கதவோரம் இருந்த சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் விருந்தாளியா என்று யாரிடம் கேட்பதென்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் வாயெடுப்பதற்குள் அப்பா எழும்பி நின்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னார். இது என் மனைவியின் தங்கை. விருந்தாளி இல்லை. இந்த வீட்டிலேயே இருக்கிறார். நாங்கள் நான்கு பேர். முதல் நாள் நான் உங்களுக்குப் பொய் சொன்னேன்.

மனிதரின் சிரிப்பு மெல்ல அணைந்தது. ரீவியில் தோன்றுகிற ஒருவர் குடியிருக்கும் வீட்டில் பெட்டி இருக்கக்கூடாது என்பது விதியாம். இதை முதல் நாளே சொன்னேனே என்றார். அப்பா, ஓம், சொன்னீர்கள், நினைவிருக்கிறது என்றார். மனிதர் பெட்டியைக் கழற்றத் திருப்புளியை எடுத்தார். நான் பதிந்த அத்தனை பேரும் கணக்கிலிருந்து போய்விட்டார்கள், பென்ஷன் அங்கிள் உட்பட. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அம்மா மிச்ச வடையைப் பொதி செய்து கொடுத்தார். அதை அவர் மறுக்கவில்லை.

தமிழ் நிகழ்ச்சியைச் சானல்காரர் ஒரேயடியாக நிறுத்தவில்லை. ஞாயிறு விடியற்காலைக்குத் தள்ளிவிட்டார்கள். யார் எழும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். இறுதிச் சுற்று அன்று சனம் பல்லும் விளக்காமல் போர்வையோடு வந்து சேர்ந்தது. அஜக்ஸ் குடும்பம் முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் படுத்துக்கொண்டது. சித்தி பாடத் தொடங்கியதும் அப்பா ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். கீழ்வீட்டுக்காரர் தடியால் கூரையில் இடித்தார். அப்பா இன்னும் கொஞ்சம் கூட்டினார். மொன்றியாலில் இருந்து வந்த ஒரு பெடியன் வென்று லண்டனுக்குப் போனான். சித்தி இரண்டாவது. தீர்ப்புப் பிழை என்று எங்கள் மாடி ஒருமனதாக முடிவெடுத்தது. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

எனக்கு மட்டும் ஆத்திரம் தீரவில்லை. நான் கம்பனியோடு மல்லுக்கட்டி, ஆளைக் கூப்பிட்டுக் காட்டி, வென்று கொடுத்ததை அப்பா ஒரு நிமிடத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டாரே. அன்று காலை எல்லோரும் போன பிறகு அவரிடம் நேரே போய்க் கேட்டேன்.

"ஏனப்பா அந்தாளுக்கு உண்மையைச் சொன்னனீங்கள்? சொல்லாமல் விட்டிருந்தால் பெட்டி இருந்திருக்கும்தானே?"

அப்பா போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். "இருக்கிற ஆளை இல்லையெண்டு இன்னும் எத்தினை நாளைக்குப் பிள்ளை சொல்லுறது?" என்றார்.

நான் கேட்டது பெட்டியைப் பற்றி. பதில் சொல்லத் தெரியாமல் கதையை மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.