சிவப்புத் துணி கட்டிய கொடி

ஹபீபா பாயம்மா போய்விட்டார் என்று அவர் மகன் போனில் சொன்னபோது, நான் அடையாறில் நம் குடியிருப்பின் பின்சுவரோரம் அவருடைய கொடிக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். குழாயடியில் அடுத்த வாளி நிறைந்து வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

நம் குடியிருப்புப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்தவர். குடியிருப்போர் சங்கச் செயலாளரான என்னோடு ஓயாமல் சண்டை போட்டவர். வண்ணத்துப்பூச்சி வரட்டுமே என்று நான் நர்சரியில் பூச்செடிகளாக வாங்கி வைத்தேன். பூச்சிகள் வந்தன, தேன் குடித்தன, போய்விட்டன. "பெரிசுங்களுக்கு ஜூஸ் குட்த்துட்டா ஆச்சா சார்? புள்ளைங்க இன்னா துன்னும்?" என்று கேட்டார். சிவப்புடல் அழகி என்ற பூச்சியின் புழுவுக்கு ஆடுதின்னாப்பாளையும் அந்த இனக் கொடிகளும்தான் சாப்பாடு. வேறு இலையை மலையாகக் குவித்தாலும் பட்டினி கிடந்து சாகும். அந்தக் கொடியை அவர் வளர்த்தார். எனக்கு அது களை.

வளாகத்தைச் சுத்தம் செய்ய ஆள் வைத்தேன். தெரியாமல் பிடுங்கிவிடக் கூடாதே என்று பாயம்மா ஒவ்வொரு கொடிக்கும் சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார். சிவப்பு என்றால் எடுக்க வேண்டியது என்று நானாக நினைத்துக்கொண்டு, "துணி கட்டினதை மட்டும் பிடுங்குப்பா" என்றேன். மற்ற புல் பூண்டெல்லாம் சௌக்கியமாக நின்றது. என் அறிவை என்னவென்று சொல்ல.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குப்பையைக் கிளறிப் பதினொரு புழுக்களைப் பொறுக்கி பிஸ்கட் டப்பாவில் போட்டார். "வண்டிய எடு சார். இதுங்களுக்குப் பசிக்கும்" என்றார்.

பத்து நாள் என் ஸ்கூட்டரில் பாலவாக்கம் போனோம். காலி மனைகளில் குனிந்து இலை பறித்தோம். யாருக்கு இவ்வளவு கீரை என்று ஒருவர் கேட்டார். "வூட்ல பதினோரு புள்ளைங்க கீது" என்றார் பாயம்மா, சிரிக்காமல். திரும்பும்போது கொடிகளை வேரோடு கொண்டுவந்து அதே சுவரோரம் நட்டோம்.

பதினொன்றும் கூடு கட்டின. இரண்டே நாள் காலைகளில் பதினொன்றும் சிறகு விரித்துப் பறந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. மாடிப்படி முழுக்க நாமெல்லாம் நின்று கைதட்டினோமே, நினைவிருக்கிறதா? "உன் தப்பு பறந்துபோச்சு, போ சார்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வந்ததும் அவர் மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன், தையல் மெஷினடியில் கிடந்த, சிவப்புத் துணித் துண்டுகள் நிறைந்த பை. இன்று காலை புதுக்கொடிக்கு ஒரு துண்டு கட்டும்போது இலைகளுக்கடியில் முட்டைகள் தெரிந்தன. எண்ணினேன். பன்னிரண்டு.