ஒட்டு மீசையும் ஒரு யுத்தப் படமும்

கன்டினியூட்டி பார்ப்பவருக்கு நல்ல பெயர் கிடைக்காது. ஒழுங்காகச் செய்தால் அப்படியொரு வேலை இருந்ததே எவருக்கும் தெரியாது. ஒரு காட்சியைத் துண்டு துண்டாக எடுக்கும்போது, முந்தின துண்டில் இடக்கையில் இருந்த தேநீர்க் கோப்பை அடுத்ததிலும் இடக்கையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தவர் பிழையைப் பிடித்து ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

மொன்றியலில் நாங்கள் சிலபேர் சேர்ந்து எடுத்த படம். இரண்டாம் உலக யுத்தக் காலத் திருகோணமலையில், எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைத்து வாசிக்கிற குமாஸ்தாக்களின் கதை. ஆளுக்கொரு கள்ள வாழ்க்கை. ஜப்பான்காரனின் திட்டத்தைக் கண்டுபிடிப்பவர்களுக்குப் பக்கத்து மேசைக்காரன் செய்வது தெரியாது. கறுப்பு நகைச்சுவை என்றான் இயக்குநர் ரமணன். நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் மூடிக்கிடந்த தையல் தொழிற்சாலைதான் எங்கள் திருகோணமலை.

வெயில்

பெப்ரவரி மாதம். ஹீற்றரைப் போட்டால் அதன் சத்தம் ஒலிப்பதிவில் விழும். நிற்பாட்டினால் வசனத்தோடு வாயிலிருந்து புகை வரும். ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன்னர் புகை வராமலிருக்க நடிகர்களின் வாயில் ஐஸ்கட்டியைப் போட்டு, நெற்றியில் தண்ணீர் தெளித்து வியர்க்க வைத்தேன். ஒலிப்பதிவுக்கு வந்த கியூபெக் பெண் மரி, பல் கிடுகிடுக்க விசிறிக்கொண்டிருந்த குமாஸ்தாக்களைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டாள்: "இந்த ஊருக்கா என்னை லீவுக்குப் போகச் சொன்னீர்கள்?"

வாய்ப்பன்

பாக்கியம் அன்ரிக்கு, மேலதிகாரியின் தேநீரில் நஞ்சு கலக்கிற தட்டச்சுக்காரி வேடம். கலந்துவிட்டு, எதிரே இருந்து வாழைப்பழ வாய்ப்பன் சாப்பிட வேண்டும். பாதிக் காட்சியை முந்தின வாரம் எடுத்தாயிற்று. மீதியை எடுக்கும்போது அன்ரி வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார். கையிலிருந்த வாய்ப்பன் குறையவேயில்லை. நான் நிறுத்திக் கேட்டேன்.

"பிள்ளை, நஞ்சு எத்தினைதரம் வேணுமெண்டாலும் வைக்கிறன். சிவராத்திரியண்டு என்னைச் சாப்பிடச் சொல்லாதேங்கோ."

மீசை

கதாநாயகனுக்கு இரண்டு வீடு, இரண்டு மனைவி. அந்த வேடம் குகன் அண்ணைக்கு. ரொக்ஸ்பரோவில் பஸ் ஓட்டுகிறவர். நல்ல அடர்ந்த மீசை. நடிப்பதை அவருடைய அப்பா 'கூத்தாட்டம்' என்று ஏசுவார் என்பதால், சனி ஞாயிறுகளில் ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வருவார். குட்டு வெளிப்பட்டு முதல் மனைவி முன்னால் நிற்கிற கடைசிக் காட்சி மட்டும் மிச்சம் இருந்தபோது, அந்த அப்பா இறந்துபோனார்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனோம். குகன் அண்ணைதான் மூத்த மகன். கொள்ளி வைப்பவர் மீசையை மழிக்க வேண்டும். ரமணன் என் காதுக்குள், "ஒருக்கால் கேட்டுப் பாப்பமே?" என்றான். கையில் நுள்ளிவிட்டேன். ஆனால் என் கண்ணும் அழுகிற முகத்தை விட்டுவிட்டு அந்த மீசையில்தான் நின்றது. எனக்கே வெட்கமாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இன்னொருதரம் மழித்துவிட்டு, மறுநாளே அவர் வந்தார். அந்த வாரம் கட்டடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விட்டால் படமே இல்லை. கடையில் வாங்கிய மீசையை ஒட்டினோம். பார்த்தவுடனே பொய் என்று தெரிந்தது. ரமணன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டான். கண்ணாடியைப் பார்த்தபடி குகன் அண்ணை, "ஒரு வீட்டுக்கு மீசையோடையும் மற்ற வீட்டுக்கு மீசையில்லாமலும் போறவன் எண்டு வைப்பம்," என்றார். மற்ற வீடு படத்தில் எங்கேயும் வரவில்லை; கதை அந்த இடத்திலேயே மாறியது.

கமரா ஓடியது. மனைவியாக நடித்தவர் முன்னால் அவர் மீசையை உரித்தார். அசட்டுச் சிரிப்பு சிரிக்க வேண்டிய இடம், அவர் அழுதுவிட்டார். முந்தின துண்டில் சிரித்த முகம். பொருந்துதா என்பதுபோல ரமணன் என்னைப் பார்த்தான். பொருந்தும் என்று தலையாட்டினேன்.

"அப்பாட்டைச் சொல்லாமலே விட்டிட்டன்," என்றார் குகன் அண்ணை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மாட்டையாவது காட்டோணும்."

ஒரு வருஷத்து ஆட்டைத்திவசம் கழியும்வரை அம்மா படம் போடுகிற மண்டபங்களுக்கு வரமாட்டார். அதனால் அவர்கள் வீட்டு டிவியிலேயே போட்டுக் காட்டினோம். மனுசி ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. மீசையை உரிக்கிற இடத்தில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடிந்தபிறகு சொன்னார்:

"அப்பா இருந்திருந்தா ரெண்டுதரம் பாத்திருப்பார். முதல்தரம் உன்னை ஏசுறதுக்கு."

இப்போது படம் பார்க்கிறவர்கள் எல்லாரும், அவருடைய சொந்த மீசை இருக்கிற முதற்காட்சியிலேயே 'அது ஒட்டினதெண்டு எங்களுக்கு விளங்கீட்டுது' என்று பெருமையாகச் சொல்ல, வேலையில் பெயரெடுக்காத நானும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.