பதினேழாம் நம்பர் ஷட்டர்

அன்றைக்குப் பதினேழாம் நம்பர் ஷட்டர் முன்னால் நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த நகராட்சி ஆணையர் அம்மா. நகராட்சித் தலைவர். டீக்கடை அண்ணன். துணிக்கடை அக்கா. அப்புறம் நான், கையில் எண்ணெய்க் குப்பியோடு. என் தொழில் ஷட்டர் ரிப்பேர். அந்தக் கடையைத் திறந்து காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டு மரச் சுத்தியலால் தட்டினேன். ஒரு சாண் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. ஆணையர் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். துருப்பிடித்த தகடு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அவர் கையைப் பார்க்கவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளியில் உள்ளே பார்த்தார். "நல்ல கடைதானே" என்றார்.

எங்கள் ஊரில் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நகராட்சிக் கடைகள் ஐம்பத்து நான்கு. பைபாஸில் புது ஸ்டாண்ட் கட்டியதும் பஸ் எல்லாம் அங்கே போயிற்று. பஸ் போனதும் ஆள் போனது. ஆள் போனதும் கடை போனது. ஏழு கடைதான் மிச்சம். ஷட்டர் என்பது ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். தினமும் ஏற்றி இறக்கினால் முப்பது வருஷம் உழைக்கும். ஆறு மாதம் சும்மா விட்டால் பிடித்துக்கொள்ளும். ஊரும் அப்படித்தான் என்று அந்த நாட்களில் நினைத்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. கடைகளை இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. இடித்தால் ஐம்பத்து நான்கு ஷட்டரையும் கழற்றும் வேலை எனக்குத்தான் என்று தலைவர் சொல்லியிருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. அதை முடித்த மறுநாளிலிருந்து இந்த ஊரில் எனக்கு வேலையே இருக்காது. இரண்டும் எனக்குத் தெரியும்.

ஆணையர் அம்மா கூட்டத்தில் தவணை கேட்டார். கொடுத்தார்கள். சுதந்திர தினத்துக்கு முதல் நாள் எண்ணிப் பார்ப்பது, பாதிக் கடை, அதாவது இருபத்தேழு கடை திறந்திருந்தால் விடுவது, இல்லாவிட்டால் இடிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். மறுநாளே அந்த அம்மா வேலையை ஆரம்பித்துவிட்டார். கக்கூஸைச் சரி செய்தார். விளக்குப் போட்டார். முன்பணத்தைக் குறைத்தார். புதன்கிழமைதோறும் பழைய ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு, லைசென்சு எழுதுகிறவர், கரண்டு ஆபீஸ்காரர், வாடகைப் பிரிவுக்காரர் எல்லாரையும் அதே மேசையில் உட்கார வைத்தார். கடை கேட்டு வந்தவன் எழுந்து போகும்போது கையில் சாவியோடு போனான். இருபத்து நான்கு பேர் சாவி வாங்கினார்கள். எல்லா ஷட்டருக்கும் நான்தான் கிரீஸ் போட்டேன். பதினேழு மட்டும் ஏறவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

அப்புறம் ஆடி பிறந்தது. சாவி வாங்கின ஒருவரும் கடை திறக்கவில்லை. ஆடியில் புதுக்கடை யார் திறப்பார்கள்? தீர்மானத்தில் இங்கிலீஷ் தேதி எழுதியிருந்தார்கள். அது ஆடிக்குள் விழுவதை அத்தனை கவுன்சிலர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங் தலைவரே, ஆடியில கெடு வெச்சுப் போட்டு ஆவணியில தொறக்கறவன எப்படிங் எண்ணுவீங்க?" என்றார் டீக்கடை அண்ணன், கடை வாசலில் நின்ற எங்கள் நாலு பேருக்கும் டீ ஆற்றிக்கொண்டே.

"எழுதுனது நானுங்களா? காலண்டர்ல செவப்புல இருந்துச்சு, லீவு நாளுக்கு மொத நாளுன்னு வெச்சோம்" என்றார் தலைவர். தேதியை மாற்ற இன்னொரு கூட்டம் போட வேண்டும். அடுத்த கூட்டம் ஆவணியில்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க பேசவே மாட்டேங்கிறீங்க. இந்த ஊர்ல ஆடியில எதுவுமே ஆரம்பிக்க மாட்டாங்களா?"

"பதினெட்டு அன்னைக்கு ஆரம்பிப்பாங்க" என்றேன்.

துணிக்கடை அக்கா சிரித்துவிட்டார். "பதினெட்டு அன்னைக்கு ஊருக்குள்ள ஆரு சாமி இருப்பா? அல்லாரும் ஜேடர்பாளையத்துல காவேரித் தண்ணிக்குள்ள நிப்பாங்க. கடையத் தொறந்து காக்காய்க்கா விக்கறது?"

அம்மாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். "எங்க ஊர்லயும் அன்னிக்கு ஆத்துலதான் கெடப்போம்" என்றார். "ஈரப் பாவாடையோட, பசியோட திரும்பி வருவோம். பஸ் எந்த இடத்துல இறக்கி விடுதோ, அந்த இடத்துல எது இருந்தாலும் வாங்குவோம்." காலியாகக் கிடந்த ஸ்டாண்டைப் பார்த்தார். "பஸ் எங்க நிக்குதுங்கிறதுதான் விஷயம்."

"காவேரி கடைசியில உங்கூருக்குத்தானுங்களே வருது?" என்றார் டீக்கடை அண்ணன்.

"ஆமா. நீங்க குளிச்ச தண்ணியிலதான் நாங்க குளிக்கிறோம்."

அன்றைக்குத்தான் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாகச் சிரித்தோம். மறுநாள் அம்மா பஸ் டிப்போவுக்கு நேரில் போனார். ஆற்றுக்குப் போய்த் திரும்பும் சிறப்புப் பஸ் எல்லாம், அன்றைக்கு ஒரு நாள் மட்டும், பழைய ஸ்டாண்டுக்குள் வந்து ஆள் இறக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆடிப் பதினெட்டு. காலையில் நல்ல நேரத்தில் இருபத்து நான்கு ஷட்டரும் ஏறின. ஒன்றுகூட இடையில் நிற்கவில்லை. தேங்காய் உடைத்தார்கள், விளக்கேற்றினார்கள். அதன் பிறகு மத்தியானம் மூன்று மணிவரை ஸ்டாண்டுக்குள் ஒரு ஆள் இல்லை. "ஈ கூட ஆத்துக்குப் போயிருச்சுங்" என்றார் டீக்கடை அண்ணன். அம்மா என் ஆயுதப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். போனைப் பார்க்கவில்லை. பஸ் திரும்புகிற தெருமுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு முதல் பஸ் வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "சுத்திக்கிட்டு வரணுமுங்களே, ஆரு போட்ட உத்தரவு இது?" என்று கத்தினார். அம்மா கையைத் தூக்கிக் காட்டினார். டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஆள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஈரத் தலை, கழுத்தில் புது மஞ்சள் கயிறு, இடுப்பில் தூங்கும் குழந்தை. அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ். வடை போட்டவருக்குக் கை ஓயவில்லை. சீப்பு, வளையல், துண்டு, எது தொங்கினாலும் போனது. துணிக்கடை அக்கா குழந்தைச் சட்டை தீர்ந்துபோனதும், வயசுப் பிள்ளைச் சட்டையைக் கையை மடித்துவிட்டு விற்றார். மூன்றாவது பஸ்ஸில் தலைவரின் வீட்டம்மா வந்து இறங்கி நேரே வளையல் கடைக்குள் போனவர் வெளியே வரவில்லை. கூட்டிப்போக வந்த தலைவர் வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, வேறு வேலை இல்லாமல் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். இரண்டு தரம் எண்ணினார். பழைய ஏழும் புதுசு இருபத்து நான்கும்.

"முப்பத்தொண்ணு இருக்குதுங்" என்றார்.

"எண்ணி முடிச்சுட்டீங்கன்னா ஒரு டீ குடிங்க" என்றார் டீக்கடை அண்ணன். "இடிக்கறதுக்குத் தெம்பு வேணுமில்லீங்களா."

தலைவர் டீயைக் குடித்தார். மறுநாளே டவுன் பஸ்களை ஸ்டாண்டுக்குள் விடச்சொல்லி மனு எழுதி, முதல் கையெழுத்தை அவரே போட்டார். அடுத்த வாரமே டவுன் பஸ் உள்ளே வந்தது. கெடு நாளன்றும் முப்பத்தொன்று திறந்திருந்தது. அன்று சாயந்திரம் அவர் என்னிடம் வந்து, "கழட்டற வேலை இல்லீங்" என்றார். "சரிங்க" என்றேன். கையில் இருந்த பெரிய வேலை போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

அம்மாவுக்கு மாற்றல் வந்தபோது என்னைத் தேடி வந்தார். உள்ளங்கைத் தழும்பு வெள்ளையாக நீளமாக இருந்தது. "பதினேழு?" என்றார். "ஏறலீங்க" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடிப் பதினெட்டு சாயந்திரமும் போன் செய்கிறார். வணக்கம்கூடச் சொல்வதில்லை. "எத்தனை?" என்று மட்டும் கேட்பார். ஒரு வருஷம் முப்பத்தெட்டு என்றேன். ஒரு வருஷம் நாற்பத்தேழு. போன வருஷம் ஐம்பத்து மூன்று. அந்த விடுபட்ட ஒன்று எது என்று அவர் கேட்டதில்லை.

ஊரில் இத்தனை பேருக்குக் கதவு திறந்துவிட்ட எனக்குச் சொந்தமாக ஒரு கதவு இருந்ததில்லை. ஆயுதப் பெட்டியும் சைக்கிளும்தான் கடை. இந்த வருஷம் வேப்பமரத்தடி மேசைக்குப் போய்க் கடை கேட்டு எழுதிக் கொடுத்தேன். பக்கச் சட்டம் இரண்டையும் பிடுங்கி நிமிர்த்தினேன். புது ஸ்பிரிங் போட்டேன். இன்றைக்கு, ஆடிப் பதினெட்டு காலையில், அதே எண்ணெய்க் குப்பியோடு பதினேழாம் நம்பர் முன்னால் நின்றேன். பக்கத்தில் டீக்கடை அண்ணன், துணிக்கடை அக்கா, இப்போது பதவியில் இல்லாத தலைவர். ஒரு கையால் தூக்கினேன். மேலே போய் நின்றது.

சாயந்திரம் போன் வந்தது. "எத்தனை?" என்றார் அம்மா. ஒன்றிலிருந்து மறுபடியும் ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்.

ஐம்பத்து நான்கு.